தோல்வியைச் சுமந்தவர்: மொவாசிர் பார்போசா

உதைபந்தாட்டக் களத்தில் நிற்கும் பதினொருவருள் ஒருவனுடைய நிலை மட்டும் ஏனையோர் நிலையினின்றும் வேறானது. முன்களத்தில் ஆடுபவன் பத்து முறை தவறவிட்டு, ஒரு முறை பந்தை வலைக்குள் செலுத்தினாற் போதும். அன்று மாலை அவனைத் தோளிற் சுமந்து செல்வர். கோல் காப்பாளன் பத்து முறை காத்து ஒரு முறை தவறவிட்டாலோ, காத்த பத்தும் மறைந்துபோகும். தவறிய ஒன்றே பேச்சாக நிற்கும். இஃது அவ்விளையாட்டின் இயல்பு. அதை அறிந்துகொண்டுதான் அவன் அந்த இரு கம்பங்களுக்கு நடுவே போய் நிற்கின்றான். ஆயினும், ஒரு பிற்பகலில் விழுந்த ஒரேயொரு கோலுக்காக ஒரு மனிதரை ஒரு தேசம் ஐம்பது ஆண்டுகள் தண்டித்ததென்றால், அதையும் விளையாட்டின் இயல்பென்று கூறி அமைந்துவிட முடியுமா? பிரேசில் நாட்டுக் கோல் காப்பாளர் மொவாசிர் பார்போசாவின் வாழ்க்கையை அறிய விரும்புவோர் எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டிச் செல்லுதல் இயலாது.

பார்போசா 1921ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் திகதி சாவோ பாவுலோ மாநிலத்திலுள்ள கம்பினாஸ் நகரிற் பிறந்தார். கறுப்பினத்தவர். பிரேசிலில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1888ஆம் ஆண்டில். அஃதாவது, இவர் பிறப்பதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் மாத்திரமே. சட்டம் ஒழித்ததை மனிதர் மனம் எளிதில் ஒழித்துவிடுவதில்லை என்பதற்கு இவருடைய வாழ்க்கையே பிற்காலத்திற் சான்றாயிற்று.

இளமையிற் சாவோ பாவுலோ நகருக்கு வந்து, ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டே ஓய்வு நேரங்களிற் பந்தாடினார். தொடக்கத்தில் அவர் ஆடியது கரையோர முன்கள வீரராகத்தான். கோல் காக்கும் இடத்துக்குப் பின்னரே வந்து சேர்ந்தார். வந்த இடம் அவருக்கென்றே வகுக்கப்பட்டதுபோல் அமைந்துவிட்டது. இப்பிரங்கா என்ற கழகத்தில் 1942ஆம் ஆண்டு முதல் ஆடிப் பெயர் பெற்ற அவரை, 1945ஆம் ஆண்டில் றியோ டி ஜனைரோவின் வாஸ்கோ ட காமா கழகம் அழைத்துக்கொண்டது.

அந்தக் கழகத்தைப் பற்றிச் சிறிது கூறியே ஆகவேண்டும். போர்த்துக்கலிலிருந்து குடியேறியோர் 1898ஆம் ஆண்டில் தோணி வலித்தற் கழகமாகத் தொடங்கியது அது. றியோ நகரின் ஏனைய பெருங் கழகங்கள் செல்வர் வீட்டு வெள்ளை இளைஞருக்கே இடமளித்த காலத்தில், வாஸ்கோ கறுப்பரையும் கலப்பினத்தவரையும் கூலித் தொழிலாளரையும் தன் அணியிற் சேர்த்து, 1923ஆம் ஆண்டில் நகரத்தின் முதன்மைப் பட்டத்தை வென்றது. மறு ஆண்டே பெருங் கழகங்கள் புதிய சங்கம் ஒன்றை அமைத்தன. வாஸ்கோ அதிற் சேர விரும்பினால், அவ்வீரர்களிற் பன்னிருவரை நீக்கிவிட்டு வரவேண்டுமென்று நிபந்தனை விதித்தன. வாஸ்கோவின் தலைவர் அதற்கு இணங்க மறுத்துக் கடிதம் எழுதினார். பிரேசில் விளையாட்டு வரலாற்றில் அக்கடிதம் இன்றும் போற்றப்படுகின்றது. பார்போசா போன்ற ஒருவர் மதிப்போடு நின்று ஆடுவதற்கு அந்நாட்டில் அதனினும் பொருத்தமான வேறிடம் இருந்திருக்க முடியாது.

அவர் கையுறை அணியாமலே ஆடியவர். பந்தின் தோலை விரல்கள் நேரே உணரவேண்டுமென்பது அவரது கொள்கை. கனத்த தோற்பந்து, மழையில் நனைந்தாற் கல்லைப்போற் கனக்கும். அதனை வெறுங்கையால் ஏற்று ஏற்று அவருடைய விரல்கள் பன்முறை முறிந்தன. முதுமையில் அக்கைகள் கோணிப்போயிருந்தன. மிக உயரமானவரல்லர். ஆனால் பந்து எங்கே வரும் என்பதை முன்கூட்டியே உய்த்துணர்ந்து அவ்விடத்துக்கு நகரும் கூர்மை அவரிடம் இருந்தது. அந்தக் கூர்மையே ஒரு நாள் அவரைக் கவிழ்த்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1945, 1947, 1949 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வாஸ்கோ ஓர் ஆட்டத்திலேனும் தோல்வி காணாது றியோப் பட்டத்தை வென்றது. மக்கள் அவ்வணிக்கு வெற்றிக் கடுகதி என்று பெயரிட்டனர். 1948ஆம் ஆண்டில், சிலி நாட்டின் சந்தியாகோ நகரில் தென்னமெரிக்கக் கழகங்களின் போட்டி நிகழ்ந்தது. ஆர்ஜன்ரீனாவின் றிவர் பிளேற் அணியை எதிர்த்து ஆடிய ஆட்டத்தில், லாப்றூனா என்ற பேர்பெற்ற வீரர் அடித்த தண்ட உதையைப் பார்போசா தடுத்தார். எவரும் கோல் போடாமல் ஆட்டம் முடிந்தது. கிண்ணம் வாஸ்கோவுக்குச் சென்றது. அடுத்த ஆண்டு தென்னமெரிக்க நாடுகளின் போட்டியைப் பிரேசில் தன் மண்ணில் நடத்திற்று. இறுதியிற் பராகுவேயை 7–0 என்று தோற்கடித்தபோது கோலைக் காத்து நின்றவரும் இவரே. இருபத்தெட்டு வயது, கண்டத்தின் தலைசிறந்த கோல் காப்பாளருள் ஒருவர் என்ற மதிப்பு. 1950ஆம் ஆண்டு பிறந்தது.

போருக்குப் பின் நடைபெற்ற முதலாவது உலகக் கிண்ணப் போட்டி அது. அதற்கெனவே பிரேசில் அரசினர் றியோவில் மரக்கானா என்ற மாபெரும் அரங்கைக் கட்டினர். உலகில் அதற்கு நிகரான உதைபந்தாட்ட அரங்கு அன்று இல்லை. பிரேசில் மெக்சிக்கோவை 4–0 என வென்றது. சுவிற்சர்லாந்துடன் 2–2 எனச் சமநிலை கண்டது. யூகோசிலாவியாவை 2–0 என வென்றது. அப்போட்டியில் இக்காலத்தைப்போல் தனியொரு இறுதியாட்டம் வகுக்கப்படவில்லை. நான்கு நாடுகள் இறுதிச் சுற்றிலே ஒன்றோடொன்று ஆடி, கூடிய புள்ளி பெறும் நாடு கிண்ணத்தைப் பெறும். அச்சுற்றில் பிரேசில் சுவீடனை 7–1 என்றும் ஸ்பெயினை 6–1 என்றும் வீழ்த்தியது. ஐந்து ஆட்டங்களில் இருபத்தொரு கோல்களைப் போட்டது; பார்போசா விட்டவை நான்கே. உருகுவேயோ ஸ்பெயினோடு சமநிலை கண்டு, சுவீடனை அரிதின் முயன்று வென்றிருந்தது. ஆதலாற் கடைசி ஆட்டத்திற் சமநிலை கண்டாலே பிரேசிலுக்குக் கிண்ணம் கிடைக்கும் என்ற நிலை.

1950ஆம் ஆண்டு யூலை மாதம் 16ஆம் திகதி. கட்டணம் செலுத்தி நுழைந்தோர் 173,850 பேர். ஏனையோரையுஞ் சேர்த்துக் கணக்கிட்டால் இரண்டு இலட்சத்தை நெருங்குமென்பர். ஆட்டம் தொடங்கு முன்னரே வெற்றிவிழா தொடங்கிவிட்டது. தேர்தல் நடைபெறவிருந்த ஆண்டு அது. வீரர்கள் தங்கியிருந்த இடத்துக்கு அரசியல்வாதிகள் வந்தவண்ணம் இருந்தனர். பத்திரிகை ஒன்று அணியின் படத்தை வெளியிட்டு, உலக வெற்றியாளர் இவரே என்று முன்கூட்டியே முடிசூட்டியது. நகர முதல்வர் ஒலிபெருக்கியில் வீரர்களை விளித்து, வென்றவர்களாகவே அவர்களை வாழ்த்தினார். நாளை வரவேண்டிய வெற்றியை இன்றே உண்டு முடிப்பது எத்தகைய ஆபத்து என்பதை அத்தனை இலட்சம் பேரில் எண்ணிப் பார்த்தவர் எத்துணைபேரோ!

முற்பகுதியில் இரு பக்கத்தாரும் கோல் போடவில்லை. பிற்பகுதி தொடங்கி இரண்டாவது நிமிடத்தில் பிரேசிலின் பிரியாசா பந்தை வலைக்குள் செலுத்தினார். அரங்கமே அதிர்ந்தது. உருகுவே அணித் தலைவர் ஒப்டூலியோ வரேலா பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆங்கிலேயரான மத்தியஸ்தரிடம் சென்று நெடுநேரம் வாதாடினார். கோல் மாறப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். கூட்டத்தின் ஆரவாரம் தணியவேண்டும் என்பதே அவர் கருத்து. தணிந்தது.

66ஆவது நிமிடத்தில் உருகுவேயின் வலப்புற வீரர் கிஜ்ஜியா, பிகோடே என்ற பின்கள வீரரைக் கடந்து கரையோரமாக ஓடி, பந்தை நடுவே செலுத்தினார். சியாபினோ அதனை வலைக்குள் அடித்தார். சமநிலை. அப்போதும் கிண்ணம் பிரேசிலுக்கே உரியது. ஆனால் அரங்கில் அச்சம் புகுந்துவிட்டது. 79ஆவது நிமிடத்திற் கிஜ்ஜியா மறுபடியும் அதே வழியில் வந்தார். பிகோடே மறுபடியும் பின்தங்கினார். அவருக்குத் துணையாக ஓடிவந்து இடைவெளியை அடைக்கவேண்டிய மற்றொரு பின்கள வீரர் யுவெனால் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. நடுவே உருகுவே வீரர்கள் பந்துக்காகக் காத்திருந்தனர். பதின்மூன்று நிமிடங்களுக்கு முன்னர் நிகழ்ந்ததே மீண்டும் நிகழப்போகின்றது என்று பார்போசா கணித்தார். நடுவே வரும் பந்தைப் பற்றுவதற்காக இடக்கம்பத்தினின்றும் ஓர் அடி விலகினார். அந்த ஓரடி வெளியைக் கிஜ்ஜியா கண்டார். நடுவே செலுத்தாது, கம்பத்துக்கும் காப்பாளருக்கும் இடையே தாழ்வாக அடித்தார். பார்போசா இடப்பக்கமாகப் பாய்ந்தார். பந்து தம் விரலிற் பட்டதாகவும், அதனை மூலை உதைக்குத் தள்ளிவிட்டதாகவுமே அவர் எண்ணினார். அரங்கின் மௌனம்தான் உண்மையை அவருக்கு உணர்த்தியது. திரும்பிப் பார்த்தார், பந்து வலைக்குள் கிடந்தது.

2–1. உலகச் சங்கத் தலைவர் றிமே, பிரேசிலுக்காக ஆயத்தஞ்செய்து வைத்திருந்த உரையைப் படிக்க இடமின்றி, குழம்பி நின்ற கூட்டத்தினூடே வரேலாவைத் தேடிப் பிடித்துக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தார்.

இனி வழக்கை ஆராய்வோம். சமநிலையே போதுமென்றிருக்க, முன்னேறித் தாக்குவதைக் குறைத்துப் பின்களத்தைப் பலப்படுத்தாதது யார் குற்றம்? முதற் கோலுக்கு வழிவகுத்த அதே கரையோரத்தை இரண்டாம் முறையும் அடைக்காது விட்டது யார் குற்றம்? இருபத்தொரு கோல் போட்ட முன்களத்தவர் அன்று ஒன்றோடு நின்றது யார் குற்றம்? ஓரடி விலகியது பிழை என்றே கொள்வோம். அந்தப் பிழை, சென்ற முறை நிகழ்ந்ததைக் கண்டு நிதானித்த ஒருவருடைய பிழை. சோம்பியவருடையதோ அஞ்சியவருடையதோ அன்று. கிஜ்ஜியா அவ்வாறு அடித்தது அவரது திறமை என்று ஒப்புக்கொண்டிருந்தால் விடயம் அத்துடன் முடிந்திருக்கும். ஆராயாது வழங்கிய தீர்ப்பினால் ஒரு நகரம் எரிந்த காதையைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். அத்தீர்ப்பின் தன்மையை நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

தீர்ப்பு யார்மீது விழுந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும். பார்போசா, பிகோடே, யுவெனால் ஆகிய மூவரையே பழி பெரிதும் சூழ்ந்தது. மூவரும் கருநிறத்தவர். அணியைப் பயிற்றுவித்த பிளாவியோ கோஸ்தா என்பாரோ 1955இலும் 1956இலும் மீண்டும் தேசிய அணியைப் பயிற்றுவிக்க அழைக்கப்பட்டார். மாரியோ பில்லோ என்ற பத்திரிகையாளர் பிரேசில் உதைபந்தாட்டத்திற் கறுப்பர் வரலாற்றை 1947இல் நூலாக எழுதியிருந்தார். 1964ஆம் ஆண்டில் அதனை விரித்து மறுபதிப்பாக்கியபோது, இந்த நிறப் பழியை வெளிப்படையாகவே சுட்டிக் காட்டினார். மரக்கானா அரங்கு இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. பிரேசிலார் தோல்வியின் நினைவைப் போக்கக் கருதி அணியின் வெள்ளைச் சட்டையைக் கைவிட்டு, 1954ஆம் ஆண்டு முதல் மஞ்சட் சட்டையை மேற்கொண்டனர். சட்டையின் நிறத்தை மாற்றலாம். பார்போசாவுக்கு அவ்வழியும் இல்லை.

அவருடைய ஆட்டத்திறன் அன்றோடு அழிந்ததென்று எண்ணுவோர் ஒரு செய்தியை அறிதல் நன்று. 1951ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் வாஸ்கோ அணி உருகுவேயின் தலைநகரான மொந்தெவிதெயோவுக்குச் சென்றது. எதிர்த்து ஆடிய பெனரோல் கழகத்தில் வரேலா, சியாபினோ, கிஜ்ஜியா ஆகிய மூவரும் இருந்தனர். கோலைக் காத்தவர் பார்போசா. வாஸ்கோ 3–0 என்று வென்றது. அந்த மூவரும் அன்று ஒரு பந்தையேனும் அவரைக் கடத்திச் செலுத்த இயலவில்லை. இந்த ஆட்டத்தைப் பற்றிப் பிரேசிலுக்கு வெளியே பேசுவார் அரியர். ஒரு கோலை நினைவில் வைத்திருக்கும் உலகம் இதை மறந்தது விந்தையே.

தேசிய அணிக்கு அவர் மீண்டும் ஒரேயொரு முறை ஆடினார். அது 1953ஆம் ஆண்டில் லீமாவில் நடந்த தென்னமெரிக்கப் போட்டியில். அவ்வாண்டிலேயே ஓர் ஆட்டத்திற் கால் முறிந்தது. 1954ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்குச் செல்லும் வாய்ப்பு, சிறிதேனும் இருந்திருந்தால், அதுவும் அத்தோடு போயிற்று. வேறு சில கழகங்களுக்கு ஆடி, மீண்டும் வாஸ்கோவுக்கு வந்து, 1958ஆம் ஆண்டில் அக்கழகம் றியோப் பட்டத்தை வென்றபோது அவ்வணியில் இருந்தார். அதே ஆண்டு பிரேசில் சுவீடனில் உலகக் கிண்ணத்தை முதன்முறையாகக் கைப்பற்றியது. நாட்டுக்கு ஆறுதல் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. 1962ஆம் ஆண்டு வரை, நாற்பத்தொரு வயதுவரை, சிறு கழகம் ஒன்றுக்காக ஆடியபின் ஓய்வு பெற்றார். பிரேசில் அவ்வாண்டும் உலகக் கிண்ணத்தை வென்றது.

ஓய்வுபெற்றபின் அவர் தேடிக்கொண்ட வேலை எங்கே என்று அறிந்தால் வாசகர் வியப்புறுவர். மரக்கானா விளையாட்டு வளாகத்தின் நீச்சல் தடாகப் பகுதியில் ஊழியராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். தம்மை வீழ்த்திய அரங்கின் நிழலிலேயே நாள்தோறும் போய் வந்தார். 1963ஆம் ஆண்டில் அரங்கின் பழைய மரக் கம்பங்களை அகற்றியபோது, அவற்றை இவருக்கே அன்பளிப்பாகக் கொடுத்தனரென்றும், அவர் அவற்றைத் தம் வீட்டு முற்றத்தில் எரித்து, அந்நெருப்பில் இறைச்சி வாட்டி நண்பர்களுக்கு விருந்திட்டாரென்றும் ஒரு கதை வழங்குகின்றது. மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றோ, அக்கம்பங்கள் தம்மிடமே உள்ளன என்று இன்றும் உரிமை பாராட்டுகின்றது. எரியாத கம்பம் ஊரிலும் எரிந்த கம்பம் கதையிலுமாக நிற்கின்றன. கதையை உண்டாக்கியவர்களுடைய மனத்தில், அவருக்கு அந்தச் சிறு பழிவாங்கலையாவது வழங்கவேண்டுமென்ற இரக்கம் இருந்திருக்கலாம்.

அவரை மிகவும் வருத்திய நிகழ்ச்சி என்று அவரே பின்னாளிற் கூறியது களத்தில் நிகழ்ந்ததன்று. 1970ஆம் ஆண்டளவில் ஒரு கடையிற் பொருள் வாங்கிக்கொண்டிருந்தபோது, தாயொருத்தி தன் சிறுமகனை அழைத்து அவரைச் சுட்டிக்காட்டி, பிரேசில் முழுவதையும் அழவைத்த மனிதர் இவர்தான் என்று கூறினாளாம். அந்தக் குழந்தை அந்த ஆட்டம் நடந்தபோது பிறந்திருக்கவேயில்லை. பழி ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு இவ்வாறுதான் கைமாறுகின்றது. 1993ஆம் ஆண்டில், அடுத்த உலகக் கிண்ணத்துக்காகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த பிரேசில் வீரர்களைக் கண்டு வாழ்த்த அவர் சென்றார். அபசகுனம் என்று கருதி அவரை உள்ளே விடாது திருப்பியனுப்பினர். எழுபத்திரண்டு வயதுக் கிழவர் திரும்பி நடந்தார்.

இத்தனைக்கும் அவர் தம் தோழர் எவர்மீதும் பழியைச் சாட்டியதில்லை. களத்தில் நின்றவர் பதினொருவர் என்பதே அவரது ஒரே விடை. பிரேசிற் சட்டப்படி அந்நாளில் எக்குற்றத்துக்கும் விதிக்கக்கூடிய சிறைத்தண்டனை முப்பது ஆண்டுகளுக்கு மேற்படாது. தாமோ செய்யாத குற்றத்துக்காக ஐம்பது ஆண்டுகளாகத் தண்டனை அனுபவிப்பதாக இறுதிக்காலத்திற் சொல்லிக்கொள்வார். அதைக் கசப்பின்றிச் சொல்வார் என்பர். அதனாலேயே அது கேட்போரைச் சுட்டது.

1988ஆம் ஆண்டில், பார்போசா என்ற பெயரிலேயே குறும்படம் ஒன்று பிரேசிலில் வெளிவந்தது. 1950ஆம் ஆண்டுத் தோல்வியைச் சிறுவனாகக் கண்டு மனமுடைந்த ஒருவன், காலத்திற் பின்சென்று அக்கோலைத் தடுக்க முயல்கின்றான். கோலின் பின்னே நின்று பார்போசாவை எச்சரித்துக் கூவுகின்றான். அக்கூவலால் அவர் கவனம் சிதறவே கோல் விழுகின்றது. படத்தை எடுத்த இளைஞர்கள் அந்தப் பழியின் ஒரு கூற்றைப் பார்வையாளர்மீது திருப்பிவைத்த நயம் பாராட்டத்தக்கது. அதிற் பார்போசாவும் தோன்றித் தம் நினைவுகளைக் கூறுகின்றார்.

அவருடைய மனைவி குளோத்தில்தே 1997ஆம் ஆண்டிற் காலமானார். பின்னர்ப் பிறாயா கிறாண்டே என்ற கடற்கரை நகரில், வாஸ்கோ கழகம் அளித்த உதவியோடு எளிய வாழ்க்கை நடத்தினார். கழகம் அவரை மறக்கவில்லை என்பதை இங்கே சொல்லாமல் விடுதல் நன்றன்று. 2000ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் திகதி, எழுபத்தொன்பதாவது வயதில், அந்நகரிலேயே உயிர் நீத்தார்.

கறுப்பினத்தவரைக் கோலில் நிறுத்துதல் ஆகாது என்ற மூடநம்பிக்கை பிரேசிலில் அவருக்குப் பின்னரும் நெடுங்காலம் நிலவியது. 1966ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் மங்கா என்பவர் ஓர் ஆட்டத்தில் நின்றார், பிரேசில் தோற்றது, பழி அவரையும் பற்றியது. உலகக் கிண்ணப் போட்டி முழுவதிலும் முதன்மைக் காப்பாளராகக் கறுப்பினத்தவர் ஒருவர் பிரேசிலுக்காக மறுபடி நின்றது 2006ஆம் ஆண்டில், அவர் டிடா. இடையிற் கழிந்தவை ஐம்பத்தாறு ஆண்டுகள். 2014ஆம் ஆண்டில் பிரேசில் தன் மண்ணில் மறுபடி உலகக் கிண்ணத்தை நடத்தி, அரையிறுதியில் ஜெர்மனியிடம் 7–1 என்று தோற்றது. அன்றிரவு பலருடைய நாவில் எழுந்த பெயர் பார்போசா. ஏழு கோல் விழுந்த இத்தோல்விக்கு எந்த ஒருவரை ஐம்பதாண்டு தண்டிப்பது என்று அவர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டனர்.

அக்கோலை அடித்த கிஜ்ஜியா, அன்று களத்தில் நின்ற இருபத்திருவருள் இறுதியாக எஞ்சியிருந்தவர். அவர் 2015ஆம் ஆண்டு யூலை மாதம் 16ஆம் திகதி இறந்தார். ஆட்டம் நடந்து சரியாக அறுபத்தைந்து ஆண்டுகள் நிறைந்த நாள் அது. றியோவிலுள்ள வாஸ்கோ கழகத்தின் பயிற்சிக் களத்துக்கு இப்போது மொவாசிர் பார்போசாவின் பெயரைச் சூட்டியுள்ளனர். அங்கே கோல் காக்கப் பயிலும் இளைஞர்கள் கையுறை அணிந்தே பந்தைப் பிடிக்கின்றனர்.